எலியின் உடம்பும் எலியின் புத்தியும்

எலியைப் புத்திசாலி என்று சொல்லாத வீடு கிடையாது. பொறியில் வைத்த வடை அப்படியே இருக்கும். அதற்கு நாலு அடி தள்ளி, பருப்பு டப்பாவின் மூடி கொரிக்கப்பட்டிருக்கும். மருந்து வைத்தால் முதல் நாள் ஒன்று சாகும், அப்புறம் எதுவும் அந்தப் பக்கம் தலைகாட்டாது. இதையெல்லாம் தந்திரம் என்று பேசியே பழகிவிட்டோம். அந்தத் தந்திரத்தில் பெரும்பகுதி எலியின் பல்லிலும் இரைப்பையிலும் மீசையிலும் இருக்கிறது. எலியை ஒழிக்க நாம் செய்கிற பல காரியங்கள் வீணாவதற்கு, அந்த உடம்பைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் எந்த எலி என்று பார்த்துவிடலாம். பரணிலும் ஓட்டிலும் ஓடுகிற கருத்த வீட்டெலி மெலிந்த உடம்புக்காரி. வால் உடம்பைவிட நீளம், காது பெரிது, எடை 100 முதல் 200 கிராம். அதன் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். இங்கிருந்துதான் கப்பலேறி உலகமெங்கும் போனது. துறைமுக நகரங்களிலும் குளிர்நாடுகளிலும் சாக்கடையை ஆள்வது பழுப்பு எலி. இதன் வால் உடம்பைவிடக் குட்டை, எடை அரைக் கிலோ வரை போகும். விஞ்ஞானப் பெயரில் நார்வே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதன் சொந்த ஊர் வட சீனா, மங்கோலியா பக்கம். நம் வயல்களில் வரப்பைத் துளைப்பது கரம்பை எலி. அதன் பெரிய உறவுக்காரன் பெருச்சாளி, ஒரு கிலோவைத் தொடும். சுண்டெலி தனி இனம். இரவில் கீச்சென்று கத்திக்கொண்டு, கூர்மூக்கோடு சுவரோரம் போகிற மூஞ்சூறு எலியே கிடையாது. அதன் பல் வேறு, உணவு வேறு. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று திரிகிற அந்தப் பிராணியைப் பொறி வைத்துப் பிடிப்பதால் வீட்டுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

எலியின் வாயில் 16 பற்கள்தான். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டும் பற்கள். பின்னால் 12 கடைவாய்ப் பற்கள். கோரைப்பல் கிடையாது, நடுவில் ஒரு நீளமான காலியிடம். இந்தக் காலியிடத்துக்கு ஒரு வேலை உண்டு. எலி ஒரு பலகையைக் கொரிக்கும்போது உதட்டின் ஓரங்களை உள்ளே மடித்து, வெட்டும் பற்களுக்குப் பின்னால் வாயை அடைத்துக்கொள்கிறது. மரத்தூளோ பிளாஸ்டிக் துணுக்கோ தொண்டைக்குப் போகாமல் வெளியே விழுந்துவிடும். கொரித்த இடத்துக்குக் கீழே தூள் குவிந்து கிடப்பது இதனால்தான். அது தின்பதற்காகக் கடித்த பொருள் இல்லை.

வெட்டும் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் பல்லை, அதே வேகத்தில் தேய்த்தாக வேண்டும். இந்தப் பல்லின் முன்பக்கம் மட்டும்தான் எனாமல். பின்பக்கம் அதைவிட மிருதுவான பல்திசு. பின்பக்கம் சீக்கிரம் தேய, முன்பக்கம் கூராகவே நிற்கும். தச்சரின் உளியைப் போல ஒரு பக்கம் சரிந்த முனை, ஆனால் தீட்டித்தர ஆள் தேவையில்லை. வளர்ந்த எலியின் பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரிவது அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது எனாமலில் சேர்ந்திருக்கும் இரும்பு. பல்லுக்குக் கூடுதல் உறுதி தருவது அதுதான். அலுமினியத் தகடும் ஈயக் குழாயும் சரியாக இறுகாத சிமெண்டும் அந்தப் பல்லுக்கு முன்னால் நிற்பதில்லை. எஃகு நிற்கும்.

எலி எதையாவது கடித்துக்கொண்டே இருக்காவிட்டால் பல் வளர்ந்து மூளையைக் குத்திவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. எலி மேல்பல்லையும் கீழ்பல்லையும் ஒன்றோடொன்று உரசியே தேய்த்துக்கொள்ளும். ஒயரும் சோப்பும் கிடைக்காவிட்டாலும் பல் ஒழுங்காகவே இருக்கும். தாடை கோணி, பற்கள் நேருக்கு நேர் சந்திக்காத எலிக்குத்தான் ஆபத்து. அதன் பல் வளைந்து வளர்ந்து, வாயைத் திறக்க விடாமல் பட்டினி போட்டுவிடும். அப்படியானால் ஒயரை ஏன் கடிக்கிறது? வழி உண்டாக்க, கூட்டுக்குப் பொருள் சேர்க்க, எதிரே இருப்பது என்னவென்று பார்க்க. நாம் கையால் தொட்டுப் பார்ப்பதை அது பல்லாலும் செய்கிறது.

தாடையின் அமைப்பும் விசேஷமானது. கீழ்த்தாடையை முன்னால் தள்ளினால் வெட்டும் பற்கள் மட்டும் சந்திக்கும், கடைவாய்ப் பற்கள் விலகிநிற்கும். பின்னால் இழுத்தால் நேர்மாறு. அதாவது கொரிப்பதும் மெல்லுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் நம்முடையதைப் போல ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்வதும் இல்லை, அதனால் கீழ்ப்பற்கள் இரண்டையும் கொஞ்சம் அகற்றக்கூட முடியும்.

பல்லைவிட முக்கியமானது, என் பார்வையில், இரைப்பை. எலியால் வாந்தி எடுக்க முடியாது. நாயும் பூனையும் மனிதனும் வேண்டாததைத் தின்றுவிட்டால் கக்கிவிடலாம். எலிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் இரைப்பைக்குள் ஒரு மடிப்பு இருக்கிறது, மேலே திரும்பும் உணவை அது மறிக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் வலுவில்லாதது. குமட்டலைத் தசைகளின் ஒருங்கிணைந்த அசைவாக மாற்றும் ஏற்பாடு மூளைத்தண்டிலும் இல்லை. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எலி, சுண்டெலி, கினிப்பன்றி என்று கொறிக்கும் பிராணிகளில் பல குடும்பங்களைச் சோதித்து, அவற்றில் எதுவுமே வாந்தி எடுப்பதில்லை என்று காட்டியது. வயிற்றைப் புரட்டினால் எலி மண்ணைத் தின்னும். களிமண் சில நச்சுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடங்களில் ஒரு மருந்து குமட்டலை உண்டாக்குகிறதா என்று அறிய, எலி எவ்வளவு களிமண் தின்கிறது என்று அளக்கிறார்கள்.

உள்ளே போனது திரும்பாது என்றால், உள்ளே விடுவதற்கு முன்னால்தான் எச்சரிக்கை வேண்டும். எலியின் சந்தேக புத்தி முழுவதும் இங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்லலாம். தினமும் நடக்கும் பாதையில் புதிதாக ஒரு பொருள் வந்துவிட்டால், முக்கியமாகப் பழுப்பு எலி, நாள் கணக்கில் அதைச் சுற்றிப் போகும். புது உணவென்றால் துளி எடுத்துத் தின்றுவிட்டுக் காத்திருக்கும். உடம்புக்கு ஏதாவது ஆனால், சில மணி நேரம் கழிந்த பிறகும், அந்தச் சுவையையே குற்றவாளியாக நினைவில் வைத்துக்கொள்ளும். 1966-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் இதை அழகாகச் சோதித்தார்கள். இனிப்பு நீரை நக்கும்போது விளக்கும் சத்தமும் வருமாறு வைத்தார்கள். பிற்பாடு குமட்டல் உண்டாக்கப்பட்ட எலிகள் இனிப்பை வெறுத்தன, விளக்கையும் சத்தத்தையும் கண்டுகொள்ளவில்லை. மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்டவை விளக்கையும் சத்தத்தையும் கண்டு ஒதுங்கின, இனிப்பைத் தொடர்ந்து குடித்தன. வயிற்று வலிக்கு வாயில் பட்டதுதான் காரணம் என்று எலியின் உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

சாப்பிடலாம் என்கிற செய்தியும் எலிகளுக்குள் பரவும். வெளியே போய்வந்த எலியின் மூச்சில் இருக்கும் உணவு வாசனையை மற்றவை முகர்ந்து, அந்த உணவைத் தைரியமாகத் தின்னும். இதை பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கனடாவின் பென்னட் கேலெஃப். வாசனையோடு எலியின் மூச்சில் இயல்பாக இருக்கும் ஒரு கந்தகச் சேர்மமும் சேர்ந்தால்தான் நம்பிக்கை வருகிறது. உணவு மட்டும் மணத்தால் போதாது. உயிரோடு இருக்கும் ஒருத்தி அதைத் தின்றிருக்க வேண்டும்.

உடனே வேலை செய்யும் விஷம் ஏன் முதல் நாளோடு நின்றுபோகிறது என்பது இப்போது விளங்கும். குறைவாகத் தின்று பிழைத்த எலி இரண்டாம் முறை ஏமாறாது. இந்தச் சுவரை உடைத்தது ஒரு மாட்டு நோய். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் குழு காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக வந்தது. வைட்டமின் கே-வை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை அது தடுக்கும். ரத்தம் உறைவது மெதுவாக நின்றுபோகும். எலி சாக நாலைந்து நாளாகும். தின்றதற்கும் சாவுக்கும் இத்தனை இடைவெளி இருப்பதால் சுவையின் மீது பழி விழுவதில்லை. அதே மருந்து, அளவோடு, 1950-களிலிருந்து மனிதருக்கு ரத்தக்கட்டியைத் தடுக்கக் கொடுக்கப்படுகிறது. எலிகளும் சும்மா இருக்கவில்லை: 1958-லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. அதற்குப் பதிலாக வந்த புரோமடியோலோன் போன்ற கடுமையான மருந்துகள் எலியின் ஈரலில் தங்குகின்றன. அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் ஆந்தைக்கும் அது போய்ச் சேருகிறது. ஓர் இரவில் சில எலிகளைப் பிடித்துவிடும் பறவையை இழந்து எலியைக் கொல்வதில் என்ன பிரயோஜனம் என்று வயல்காரர்கள் யோசிக்க வேண்டும்.

எலிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதன் பார்வை மங்கல், சிவப்பை அது பிரித்தறியாது. ஆனால் நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி கொஞ்சம் தெரியும். இரண்டு கண்களும் தனித்தனியாக அசையும். ஓடும் எலியின் தலையில் குட்டிக் கேமரா பொருத்திப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள், தலை எப்படிச் சாய்ந்தாலும் இரு கண்களின் பார்வையும் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை 2013-ல் காட்டினார்கள். ஆபத்து பறவை வடிவில் மேலேயிருந்து வருகிற பிராணிக்கு இது பொருத்தமானதுதான்.

வழி காட்டுவது மீசை. முகத்தின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் அந்த நீள மயிர்களை எலி நொடிக்கு எட்டு முறை வாக்கில் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே நடக்கும். ஒவ்வொரு மயிரின் வேரிலும் நரம்புகள் மொய்த்திருக்கின்றன, மூளைப் புறணியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இருட்டில் ஒரு துவாரத்தின் அகலத்தையும் மரத்தின் சொரசொரப்பையும் மீசையாலேயே அளந்துவிடும். மீசை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் எலிக்கு நிம்மதி, அதனால் எப்போதும் சுவரோரமாகவே ஓடும். பல நாள் போன தடத்தில் உடம்பின் எண்ணெய்ப் பசை பட்டு ஒரு கருப்புக் கோடு விழுந்திருக்கும். பொறியை அறை நடுவில் வைக்காமல் அந்தக் கோட்டை ஒட்டி வைக்க வேண்டும். முதல் சில நாட்கள் பொறியைப் பூட்டாமல், தீனி மட்டும் வைத்து விட்டுவிட வேண்டும். புதுப் பொருள் பழைய பொருளாக ஆன பிறகு பூட்டினால் போதும்.

எலி புதியதைக் கவனிப்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார். எதிர்பார்த்த பொருள் அங்கே இல்லாவிட்டாலோ புதிதாக ஒன்று இருந்தாலோ துடிக்கும் அணுக்களையும் சில ஆண்டுகளில் பதிவுசெய்தார். இடத்தை அறியும் இந்த ஏற்பாட்டை மேலும் விரித்த நார்வேயின் மோசர் தம்பதியோடு 2014-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித மூளையிலும் இப்படிப்பட்ட அணுக்கள் இருப்பது பின்னர் தெரியவந்தது. நம் வீட்டுப் பரணில் நாற்காலி இடம் மாறியதை எலி உடனே கண்டுகொள்வதும், நாம் பழகிய தெருவில் வழி தவறாமல் வீடு திரும்புவதும் ஒரே ஏற்பாட்டின் வேலை.

காது விஷயத்தில் எலி நம்மை வெகுதூரம் தாண்டிவிடும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு, நின்றுபோகிறது. எலிக்கு 80 வரை கேட்கும். அவை நமக்குக் கேட்காத குரலில் பேசிக்கொள்ளவும் செய்கின்றன: பயத்தில் 22 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் நீளமான ஒலி, விளையாட்டிலும் கிச்சுகிச்சு மூட்டும்போதும் 50 வாக்கில் துள்ளலான ஒலி. இதைக் கேள்விப்பட்டுத்தான் மின்செருகியில் மாட்டும் ஒலிக்கருவிகளைக் கடையில் விற்கிறார்கள். அந்த ஒலி சுவரையும் மேசையையும் தாண்டிப் போகாது, கேட்கும் எலியும் சில நாளில் பழகிவிடும். அந்தக் காசுக்குக் கம்பிவலை வாங்குவது மேல்.

வலை என்றதும் துவாரத்தின் அளவைச் சொல்ல வேண்டும். எலிக்குத் தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு இல்லை, அதனால் எதிலும் நுழையும் என்பார்கள். காறை எலும்பு இருக்கிறது. ஆனால் மார்புக்கூடு நெகிழ்ந்து கொடுப்பது, தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வளர்ந்த எலிக்கு 2 சென்டிமீட்டர் துளை போதும், சுண்டெலிக்குப் பென்சில் தடிமன் போதும். வலையின் கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தக் கணக்கில் வந்தது. வால் ஏறும்போது சமநிலைக்கு உதவும். உடம்புச் சூட்டை வெளியேற்றுவதும் அதன் வேலை. எலிக்குப் பாதத்தில் தவிர வியர்வை கிடையாது, மயிரில்லாத வாலுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பித்தான் குளிர்ந்துகொள்ளும்.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். கர்ப்பம் 21 முதல் 23 நாள். ஒரு ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டி. ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினைப்பட முடியும், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும். கண் திறக்காமல் பிறந்த குட்டி மூன்று வாரத்தில் பால்மறந்து, இரண்டு மூன்று மாதத்தில் தானே தாயாகும். இதை வைத்து ஒரு ஜோடி வருஷத்தில் ஆயிரக்கணக்கில் பெருகும் என்று காகிதத்தில் போடும் கணக்கு நிஜத்தில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மூன்று வயது வரை வாழும் எலி, வெளியே ஒரு வயதைத் தாண்டுவதே அபூர்வம். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தீனியும் மறைவிடமும்தான். 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் இதைத் தெருத்தெருவாக எலிகளை எண்ணிக் காட்டினார்: எலிகளைப் பிடித்துக் குறைத்த பகுதிகளில் மிச்சமிருந்தவை பெருகிப் பழைய எண்ணிக்கைக்கே வந்துவிட்டன, குப்பையையும் மறைவிடத்தையும் குறைத்த பகுதிகளில் எண்ணிக்கை குறைந்தே நின்றது.

தீனி கட்டவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசோரம் சாட்சி. அங்குள்ள ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை மலைமுழுக்க ஒரே காலத்தில் பூத்துக் காய்த்து மடியும். சதைப்பற்றுள்ள அந்தப் பெரிய காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனையும் நெல்லுக்குத் திரும்பும். மௌதம் என்று மிசோக்கள் சொல்லும் இந்தப் பஞ்சம் 1959-ல் வந்தபோது, நிவாரணம் போதவில்லை என்ற கோபத்தில் உருவான பஞ்ச நிவாரண அமைப்பு 1961-ல் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி, 1986-ல் சமாதான ஒப்பந்தம். மூங்கில் என்னும் ஒரு புல்லின் காய்ப்பும் எலியின் கருப்பையும் சேர்ந்து ஒரு மாநிலத்தின் அரசியலைத் திருப்பிவிட்டன. 2006-ஐ ஒட்டி மூங்கில் மறுபடி பூத்தபோது அரசு முன்கூட்டியே தயாரானது, ஆனாலும் பயிர்ச்சேதம் கடுமையாகவே இருந்தது.

காவிரி டெல்டாவில் இதே விதி சின்ன அளவில் ஒவ்வொரு பருவமும் நடக்கிறது. கரம்பை எலி தனிமை விரும்பி. குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர ஒரு வளைக்கு ஒரு பெரிய எலிதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். விளையும் பருவம் பார்த்துக் கதிரைக் கொண்டுபோய் அளை நிறையச் சேர்க்கும் எலியைப் புறநானூற்றின் 190-ஆம் பாட்டு பேசுகிறது. இன்றும் வளையை வெட்டினால் உள்ளே நெற்கதிர் அடுக்கு அடுக்காகக் கிடக்கும். வளைக்குள் புகையூதி எலியைப் பிடிக்கும் இருளர்கள் அந்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி விஷமில்லாத நல்ல கருவி. எந்த முறையானாலும் காலம் முக்கியம். பயிர் கதிர் பிடிப்பதை ஒட்டி எலி ஈனத் தொடங்குகிறது. நடவு முடிந்த கையோடு, ஊரே சேர்ந்து, வரப்பை ஒடுக்கி வளைகளைத் தோண்டினால் பிடிக்கும் ஒவ்வொரு பெட்டையும் ஒரு ஈற்றுக் குட்டிகளுக்குச் சமம். கதிர் சாய்ந்த பிறகு வைக்கும் மருந்தை அது சீண்டக்கூட மாட்டாது. சுற்றிலும் நெல் இருக்கும்போது அதற்கு என்ன அவசரம்? ஒரு வயலில் மட்டும் பிடித்தாலும் பக்கத்து வயல் எலி காலியான வளைக்குக் குடிவந்துவிடும்.

கடைசியாகச் சிறுநீரகம். லெப்டோஸ்பைரா என்னும் சுருள் பாக்டீரியா எலியின் சிறுநீரகக் குழல்களில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாழும். எலிக்குக் காய்ச்சல் கூட வராது. ஆனால் போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக விடும் சிறுநீரில் அந்தக் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவரின் வெடிப்பு வழியாக, கண்ணின் வழியாக, உடம்புக்குள் போகும். இதுதான் எலிக்காய்ச்சல். இலங்கையில் 2008-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று பதிவானது; அவர்களில் நெல் வயலில் இறங்கியவர்கள் ஏராளம். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு வீடு கழுவப் போனவர்கள் பலர் படுத்தார்கள், அரசு டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தடுப்பாக விநியோகித்தது. திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, சிவந்த கண் ஆகிய மூன்றும் சேர்ந்து, முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால், அதை மருத்துவரிடம் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிக்கே இந்தக் கிருமி அடங்கும். மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீர் குறைந்த பிறகு போனால், மருத்துவருக்கும் வழிகள் சுருங்கிவிடும்.